வலது காதில் டிரம்ஸ்

மன்னிக்கவும், இரண்டாவது முறையாக எழுதுகிறேன். போன வாரம், "இந்த ஜாஸ் பதிவில் டிரம்ஸே இல்லை, சாக்ஸபோன் தனியாக அலைவதுதான் அழகு" என்று எழுதியவள் நான்தான். நம் இணையக் குழுவில் எல்லோரும் சிரித்தீர்கள். அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தைத் திறக்கவே கூச்சமாக இருந்தது.

இன்று உத்திரமேரூர் பிரவுசிங் சென்டரில் என் வழக்கமான இடம் காலியாக இல்லை. பக்கத்து கம்ப்யூட்டரில் ஹெட்போனை மாட்டி அதே பதிவைப் போட்டேன்.

வலது காதில் டிரம்ஸ் அதிர்ந்தது.

எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

கடைக்கார அண்ணன் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, தேளு கொட்டிச்சா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"நீ குந்துற எடத்து ஹெட்போன்ல ஒரு காது பூட்ச்சிம்மா. ஆறு மாசமா அப்டித்தான் கீது."

"ஏண்ணா சொல்லல?"

"யாருமே கேக்கலியே! சாட்டிங் பண்றவங்களுக்குக் காது எதுக்கு?"

அந்தக் காலத்து ஸ்டீரியோவில் டிரம்ஸை ஒரே பக்கமாக ஒதுக்கியிருக்கிறார்கள். ஹெட்போன் என்றாலே ஒரு காதில்தான் கேட்கும் என்று நினைத்திருந்தேன். ஆக, ஆறு மாதமாக நீங்கள் பகிர்ந்த எல்லாவற்றிலும் பாதியைத்தான் கேட்டிருக்கிறேன். மீதிப் பாதியில் யார் யார் வாசிக்கிறார்களோ என்று இருப்புக்கொள்ளவில்லை. தேடிப் பார்த்தேன்; இந்த ஒரு பதிவைத் தவிர பழைய லிங்க் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

சிரித்து முடித்தவர்கள் அவற்றை இன்னொரு முறை ஏற்றித் தருவீர்களா?