தம்பியைப் பார்க்கப் பாய் விரித்த அன்று

தம்பி மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகும் நாள். நாயாற்றுக் களப்பின் அக்கரையிலுள்ள நாங்கள் பிறந்த வீட்டிலிருந்து மத்தியான மீன் லொறியில் கொழும்புக்குப் புறப்படுவதாகச் சொல்லியிருந்தான். நானும் கணவரும் உருத்திரபுரத்திலிருந்து இக்கரைக்கு வந்து சேரவே நேரமாகிவிட்டது. சுற்றிப்போக பஸ் இல்லை. பெரியப்பாவின் சிறுவள்ளம் கரையில் கிடந்தது. அதன் பாய்மரத்தில் பாயை விரித்தோம்.

நான் களப்போரத்தில் பிறந்து, பிறகு விஞ்ஞானம் படிப்பிக்கப் போனவள். அவர் வயல்காரர். சுக்கானை நான் பிடிக்க, பாய்க் கயிறு அவர் கைக்குப் போனது. அங்கேதான் வில்லங்கம்.

காற்று இடப்பக்கம் சற்று முன்னாலிருந்து வீசியது. அவருக்குத் தெரிந்த காற்று, சூட்டுக் களத்தில் நெல் தூற்றுகிற காற்று. பதரைத் தள்ளுவதைப்போலப் பாயையும் தள்ளும் என்று நினைத்து, கயிற்றை வரிந்து இழுத்து, பாயைக் காற்றுக்குக் குறுக்கே நிறுத்தினார். வள்ளம் சரிந்தது. நண்டைப்போலப் பக்கவாட்டில் நகர்ந்தது.

“கயித்தை இளக்குங்கோ!”

“இளக்கினால் காத்தெல்லாம் வீணாப் போயிடுமப்பா.”

“இப்ப மட்டும் என்ன, பெட்டியிலயோ போட்டு வைக்கிறியள்?”

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. தம்பியைக் காணாமல் விட்டுவிடுவேனோ என்ற பயந்தான் அப்படிக் கத்தியது.

முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு இளக்கினார். பாயின் முன்னோரம் படபடத்தது. “இப்ப கொஞ்சம் இழுங்கோ. படபடப்பு நிண்டவுடன அப்பிடியே பிடிச்சுக்கொள்ளுங்கோ.” நின்றது. முதலில் அவர் வரிந்து இழுத்தபோது பாயின் பின்னால் சுழித்துக் கிடந்த காற்று, இப்போது அதன் வளைவோடு ஒட்டி ஓடிப் பின்பக்கம் திரும்பியது. பாய் காற்றைத் திருப்ப, காற்று பாயை முன்னே தள்ளியது. வளைவின் வெளிப்புறத்தில் காற்று விரைந்ததால் அங்கே அழுத்தம் குறைந்தது. பாய் அந்தப் பக்கம் இழுபட்டது. பக்கவாட்டு விசையை வள்ளத்திலிருந்து நீருக்குள் இறக்கியிருந்த பலகை தாங்கிக்கொள்ள, மிச்சம் எங்களை முன்னே கொண்டுபோனது. வகுப்பில் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்குவது சுகம், வள்ளத்தில் அப்படியில்லை.

“அட, ஓடுதே!” என்றார். கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

கரையேறும்போது சூரியன் உச்சி தாண்டிவிட்டது. லொறி போயிருக்கும் என்றே நினைத்தேன். ஈரச்சேலையோடு வீதிக்கு ஓடினேன். லொறி இயந்திரம் உறுமிக்கொண்டு நின்றது. அதன் முன்னால், நடு வீதியில், வீட்டுக் கதிரையைப் போட்டு அவன் உட்கார்ந்திருந்தான். சாரதி திட்டித் தீர்த்துக் களைத்துப்போயிருந்தார்.

“அக்காவைக் காணாமல் ஏறமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்.”

கட்டிக்கொண்டு அழுதேன். சொல்ல வைத்திருந்ததில் ஒன்றும் வரவில்லை. “சாப்பிட்டியே?” என்றுதான் கேட்டேன். “ஓம்” என்றான். ஏறிவிட்டான்.

லொறி மறைந்த பிறகும் கதிரை நடு வீதியிலேயே கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.