இஞ்சின் ஓடியது, போட்டு நகரவில்லை

போன வாரம் பழைய கிராபிக்ஸ் கார்டு உசத்தியா, புதுசு உசத்தியா என்று பிள்ளைகள் நீங்கள் இரண்டு பேரும் சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு சண்டை போட்டீர்களே, அப்போது எனக்குச் சின்ன வயதில் நான் செய்த தெர்மாகோல் போட்டு, அந்தப் பொம்மைப் படகு, ஞாபகம் வந்துவிட்டது. நான் சிரித்ததைப் பார்த்து உங்களுக்கு இன்னும் கோபம். ஏன் சிரித்தேன் என்று இதில் எழுதுகிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் மூன்றாவது படித்தேன். கடலோரம் பனித்திட்டு என்கிற ஊரில் வீடு. அப்பா கடலுக்குப் போகிறவர். அக்கா பாலிடெக்னிக்கில் கட்டடப் படிப்பு, கடைசி வருஷம். அம்மாவின் தம்பி, அதாவது எங்கள் மாமா, திருபுவனையில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். கம்பெனியில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைப் பைக்கின் பின்னால் கட்டி எடுத்துவந்து அக்காவுக்குக் கொடுத்தவர் அவர்தான்.

அதில் அக்கா ஒரு மாடி வீடு வரைந்துகொண்டிருந்தாள். படிப்பு முடிக்க அதைக் காலேஜில் கொடுக்க வேண்டும். கோடு போட்ட படம் இல்லை. நாலு பக்கமும் சுற்றிப் பார்க்கிற வீடு. மாடிப்படி, ஜன்னல், தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொன்றாகச் சேரச் சேர, கம்ப்யூட்டர் மூச்சு வாங்கியது. வீட்டைத் திருப்பினால் பாதியில் அப்படியே நின்றுவிடும். டவுனில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் முடிக்கலாம். ஆனால் திரும்பி வர இருட்டிவிடும், அப்பா விடமாட்டார். வீட்டிலேயே வேகம் வந்தால் மாடி வீடு. இல்லாவிட்டால் மாடியை எடுத்துவிட்டு ஒரு ரூம் வீடாகக் கொடுக்க வேண்டியதுதான்.

படத்தைத் திரைக்கு வரைந்து தள்ளுவதற்கென்றே உள்ளே ஓர் அட்டை இருக்கிறது, அதுதான் கிழடு என்று மாமா கண்டுபிடித்தார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் புதுசு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். அதன் நடுவில் குட்டி மின்விசிறி ஒன்று இருந்தது. எல்லார் கண்ணும் அதன் மேல். என் கண் மட்டும் அது வந்த டப்பாவின் மூலையில் கிடந்த சின்னச் சாமான் மேல் போனது. ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் நீலம், இரண்டு ஓரமும் திருகு. பார்க்க அப்படியே போட்டு இஞ்சின். உடைந்த மீன் பெட்டியின் தெர்மாகோலில் நான் ஒரு போட்டு வெட்டி வைத்திருந்தேன். இஞ்சின்தான் இல்லாமல் இருந்தது. எடுத்துப் பின்னால் வைத்து நைலான் நூலால் கட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

அப்பா புது கார்டைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

“இது பழச விட வேகம்னு யாரு சொன்னது?”

“கடைக்காரன் சொன்னான் மாமா” என்றார் எங்கள் மாமா. அப்பாவை அவர் கூப்பிடுவதும் மாமா என்றுதான்.

“கடைக்காரன் இன்னா மெதுவா ஓடும்னா சொல்லுவான்? நாளிக்கு ஓட்டிப் பாப்போம். ஓடலன்னா எடுத்தாந்த எடத்துலயே குடுத்துடு மச்சான்.”

எங்கள் ஊரில் இஞ்சினை ஓட்டிப் பார்க்க ஒரு முறை உண்டு. பழைய இஞ்சினையும் புது இஞ்சினையும் வேறு வேறு போட்டில் ஓட்டினால் அது கணக்கில் சேராது. ஒரே போட்டு, ஒரே ஆள், ஒரே தூரம். இஞ்சினைத் தவிர ஒரு கயிறு கூட மாறக் கூடாது. கையில் வாட்ச். கம்ப்யூட்டருக்கும் அதுதான் சட்டம் என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை பழைய கார்டோடு முதல் ஓட்டம். அக்கா பட்டனைத் தட்டினாள். மாடி வீடு விட்டுவிட்டுத் திரும்பி, ஒரு சுற்று முடிக்கும்போது வாட்சில் நாற்பத்தைந்து விநாடி. கம்ப்யூட்டரை நிறுத்தி, பழசைப் பிடுங்கி, மாமா புதுசைச் செருகினார். திரையிலிருந்து வருகிற வயரின் நீல முனை அதில் போகவில்லை. புது கார்டில் இருந்ததெல்லாம் அகலமான வெள்ளை வாய்.

“வேற வயரு இருந்தா பாக்கலாம்” என்றார் மாமா.

“வயரு மாத்துனா ஓட்டம் செல்லாது” என்றார் அப்பா.

மாமா கம்ப்யூட்டர் பெட்டியின் முதுகைத் தடவிப் பார்த்தார். மேலே தள்ளி, மூடி போட்ட நீல வாய் ஒன்று தட்டுப்பட்டது. “தோ இருக்குது பாரு!” என்று வயரை அதில் செருகினார். படம் வந்தது, குட்டி விசிறியும் சுற்றியது. நான் கை தட்டினேன். டப்பாவில் வந்த சிடியையும் போட்டு முடித்தார்கள்.

இரண்டாவது ஓட்டம். வீடு ஒரு முழம் திரும்பும், நிற்கும். எழுபது விநாடி தாண்டியும் பின்பக்கச் சுவரே வரவில்லை. எனக்கு அதிசயமாக இருந்தது. புதுசு எப்படித் தோற்கும்? குனிந்து குனிந்து விசிறியைப் பார்த்தேன். அது பாட்டுக்கு ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்பா வாட்சைக் கழற்றி வைத்தார். “இஞ்சின் ஓடுது மச்சான், போட்டுதான் நகரல!”

அம்மாவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். மாமாவுக்கு முகம் சுண்டிப்போனது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

“மாமா, டப்பால வேற எதுனா இருந்துச்சா?”

மாமா டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினார். “புக்கு, சிடி, அவ்ளோதான்டி.”

நான் பக்கத்தில்தான் நின்றேன். வேற எதுனா என்று அவள் கேட்டது கட்டிலுக்கு அடியில் இருந்த என் போட்டு இஞ்சினையும் சேர்த்துத்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது டப்பாச் சாமான் என்பதே மறந்து, என் சாமான் ஆகிவிட்டிருந்தது.

மறுநாள் கார்டு கடைக்குத் திரும்பிப் போனது. அக்கா மாடியை அழித்தாள், படிக்கட்டை அழித்தாள். ஒரு ரூம் வீடு, ஒரு கதவு, ஒரு ஜன்னல். அது மட்டும் நிற்காமல் சுற்றியது. அதைத்தான் காலேஜில் கொடுத்தாள். பாஸ் செய்தாள், பெரிய மார்க் ஒன்றும் இல்லை.

பிறகு ஒரு நாள் தெருக் குழாயடிக் குட்டையில் நான் போட்டு விட்டுக்கொண்டிருந்தேன். குடத்தோடு வந்த அக்கா, போட்டைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது ஏதுடா?”

“மாமா டப்பால இருந்துச்சி. இஞ்சின்.”

அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். முதுகில் ஒன்று விழும் என்று நான் தோளைக் குறுக்கினேன். விழவில்லை. நூல் தளர்ந்திருந்தது. அவிழ்த்து, அவளே இறுக்கிக் கட்டிக் கொடுத்தாள்.

“அப்பாவாண்ட காட்டாத, இன்னா? தோல உரிச்சிடுவாரு.”

பொம்மை போட்டுக்கு எதற்கு அப்பா தோலை உரிக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. போட்டில் நான் கட்டியிருந்த இஞ்சின்தான் நீல வயரை வெள்ளை வாயோடு சேர்த்து வைக்கிற துண்டு. அது இல்லாமல் மாமா வயரைச் செருகியது கம்ப்யூட்டரின் சொந்த வாயில். அன்றைக்கு வீட்டைத் திருப்பியது புது கார்டே இல்லை. அது விசிறியைச் சுற்றிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. அப்பா கேலியாகச் சொன்னது அச்சு அசலாக நிஜம். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது நான் காலேஜ் போன பிறகு.

அடுத்த முறை மாமா வந்தபோது, வாசலில் நின்று அக்கா அவரிடம் ரொம்ப நேரம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். சாப்பிட உட்கார்ந்ததும் அப்பா ஆரம்பித்துவிட்டார்.

“இன்னா மச்சான், இஞ்சின் ஓடுது, போட்டு நகருதா?”

மாமா பதில் சொல்ல வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூலையில் ஈரத்தோடு சாய்ந்திருந்த என் போட்டைப் பார்த்தார். பிறகு, “நமக்கு இன்னா மாமா தெரியும் கம்ப்யூட்டரப் பத்தி” என்று எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தார்.

எல்லாரும் சிரிக்கிறார்களே என்று நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே தன் இலையிலிருந்த மீன் துண்டை மாமா எதற்காக என் தட்டில் வைத்தார் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.