இறால் பெட்டி ஐஸ்

டச்சுக்காரர் கல்லறைச் சுவரோரம் உட்கார்ந்து, நூலக நாவலுக்குள் சினிமாப் பத்திரிகையை மறைத்துவைத்துப் படிப்பேன். நாவலும் பிடிக்கும்தான், ஆனால் கதாநாயகி முகத்துக்கு என்ன பூசினாள் என்று அது சொல்லித் தொலைக்காதே! பத்திரிகை சொன்னது: ஒரு நடிகை தினமும் காலையில் முகத்தில் ஐஸ் தேய்க்கிறாளாம். எங்கள் ஊரில் ஐஸுக்கா பஞ்சம்? மறுநாள் மீன் ஏலக்கூடத்து இறால் பெட்டியிலிருந்து கைநிறைய அள்ளித் தேய்த்துக்கொண்டு காலேஜ் பஸ் ஏறினேன். அவளுடைய ஐஸில் இறால் கிடந்திருக்காது என்று எனக்கு உறைக்கவே இல்லை. பொன்னேரி வரைக்கும் என் பக்கத்து சீட்டு காலியாகவே வந்தது.

சாயங்காலம் அம்மாவிடம் சொல்லி அழுதேன். நாளெல்லாம் ஐஸுக்குள் கைவிட்டு இறாலைத் தரம் பிரிக்கிறவள் அவள். திட்டுவாள் என்று நினைத்தேன். பத்திரிகையை வாங்கிப் படங்களைப் புரட்டிவிட்டு என்னிடமே திருப்பித் தந்தாள்.

"மூஞ்சி கெடக்கட்டும். கைக்கு இன்னா பூசணும்னு போட்டுக்கீறாங்களா, பாரு."

வெடித்துக் கிடந்த விரல்களை நீட்டினாள். கடைசிப் பக்கம்வரை தேடினேன். நகத்துக்கு என்ன கலர் அடிக்கலாம் என்பது மட்டும்தான் இருந்தது.