சப்பாத்தோடு வாசித்த ரதி

1994 ஜூன் 9, வியாழக்கிழமை. அன்று வந்த ஆங்கில வட்டாரப் பத்திரிகையில் ரதி சிவபாதத்தின் படம் இருந்தது. யூதக் கல்யாண மண்டபம் ஒன்றில், கறுப்புச் சப்பாத்தோடு, வயலினைத் தாடையில் அழுத்தி நின்றபடி வாசிக்கிறாள். சுற்றிலும் ஆட்டம், சிலர் கையில் மதுக் கிண்ணம்.

புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த மல்வேர்னில் சனிக்கிழமை காலைகளில் இருபத்தாறு பிள்ளைகளுக்குக் கர்நாடக வயலின் சொல்லிக்கொடுப்பவள் அவள். அங்கே வெறுங்காலோடு தரையில் சம்மணமிட்டு, வயலின் தலையைக் காலில் ஊன்றி வாசிக்கவேண்டும். இந்த இரண்டும் ஒரே ஆளா என்று தொலைபேசிகள் கொதித்தன.

ஒரே ஆள்தான். நான்கு வருடங்களுக்கு முன் வயலின் திருத்தும் கடையில் ஹெர்ஷல் என்ற கிழவரைச் சந்தித்தாள். கிளாரினெட்காரர். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கல்யாண இசையான கிளெஸ்மரை அவர் ஊதிக் காட்ட, ரதி அங்கேயே வயலினை எடுத்துவிட்டாள். அவரோடு வாசித்த முதல் கல்யாணத்தில் மானம் போனது. காலை வகுப்புக்கு ச-ப-ச-ப என்று சுருதி கூட்டிய தந்திகளை அவர்கள் முறைக்கு மாற்ற மறந்து வில்லை இழுத்தாள். மணமகளே திரும்பிப் பார்த்தாள். ஹெர்ஷல் சிரித்துச் சிரித்து ஊத முடியாமல் நின்றார். அடுத்த வாரமும் கூப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இசைச் சோதனைக் குழு கூடி ரதியை அழைத்தது. பிள்ளைகளின் தரச் சோதனைகளை நடத்துவது அந்தக் குழுதான். தலைவர் செல்வரட்ணம் படத்தை மேசையில் போட்டார்.

"பிள்ளை, என்ன கோலம் இது? சப்பாத்தோட!"

"அங்க ஏசி அண்ணை. வெறுங்கால் விறைச்சுப் போகும்."

யாரோ சிரிப்பை விழுங்கினார்கள். செல்வரட்ணத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"பகிடி விடாதையும். குடிக்கிற இடத்தில சங்கீத ரீச்சர் நிக்கிறதோ? விட்டிட்டன் எண்டு ஒரு கடிதம் தாரும். தராட்டி உம்மட பிள்ளையள் இந்த வருசம் சோதனை எடுக்கேலாது."

"எங்கட கலியாண வீட்டில தவில் அடிக்கிறவரிட்டயும் கடிதம் வாங்கினனீங்களோ?"

"அது எங்கட கலியாணம்."

"ஓ. அப்ப கலியாணம் பிரச்சினை இல்லை. ஆரின்ர கலியாணம் எண்டதுதான் பிரச்சினை."

குழுவில் இருந்த மிருதங்க ஆசிரியர் மகேஸ்வரன் குறுக்கே புகுந்தார். நல்ல மனிதர். "ரதி, ஏன் வீண் சண்டை? ஹேமவதி ராகத்தை ஆராயிறன் எண்டு ரெண்டு வரி எழுதும். அவையின்ர ஆட்டப் பாட்டில பாதி எங்கட ஹேமவதிதானே. செல்வரட்ணம் அண்ணையும் விட்டிடுவார்."

செல்வரட்ணம் மறுக்கவில்லை. பேனையை அவள் பக்கம் தள்ளினார்.

ரதி பேனையை எடுத்தாள். சுரங்கள் ஒன்று என்பது பொய்யல்ல; முதலில் கண்டுபிடித்தவளே அவள்தான். ஆனால் சுரங்களுக்கு நடுவே வரும் அந்த விக்கல், அழுகை பாதியில் அறுந்தது போன்ற அந்தச் சத்தம், எந்தக் கமகத்திலும் இல்லை. அதைப் பிடிக்க இரண்டு வருடம் ஹெர்ஷலிடம் திட்டு வாங்கியிருந்தாள். ஹேமவதி என்று எழுதினால் பிள்ளைகள் தப்புவார்கள். ஐந்தாம் தரச் சோதனைக்காக எட்டு மாதம் உழைத்த மாணவி தனுஷிகாவும் தப்புவாள்.

எழுதினாள்: "நான் யூதர்களின் கல்யாணங்களில் அவர்களுடைய இசையை வாசிக்கிறேன். பிடித்திருப்பதால் வாசிக்கிறேன். தொடர்ந்து வாசிப்பேன். என் மாணவர்களுக்குச் சங்கீதம் தெரியுமா என்று மட்டும் சோதியுங்கள்."

கையெழுத்தும் போட்டாள். செல்வரட்ணம் இரண்டு தரம் படித்தார்.

"பிள்ளையளை நினைச்சுப் பாத்தீரோ?"

"அவையளை நினைச்சுத்தான் பொய் எழுதேல்லை."

வீட்டுக்கு வந்து இருபத்தாறு பெற்றோருக்கும் அவளே தொலைபேசி எடுத்தாள். சோதனை வேண்டுமென்றால் வேறு ஆசிரியரிடம் விடுங்கள், கோபிக்கமாட்டேன் என்றாள். தனுஷிகாவின் தாய் அழுதாள். ரதி சமாதானம் சொன்னாள், மன்னிப்புக் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஏழு பிள்ளைகள் வந்தார்கள். தனுஷிகா வரவில்லை. வகுப்பு வழக்கம்போல் பத்து மணிக்குத் தொடங்கியது.