குலால் படிந்த கீபோர்டு

ராணுவ டெப்போவில் வயர்லெஸ் செட் பழுது பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, தேஹு ரோடு வீட்டிலேயே கீபோர்டு ரிப்பேர் செய்கிறேன். வருவதெல்லாம் பெரும்பாலும் செகண்ட்ஹேண்ட். கழற்றிப் பார்த்தால் முன்பு யாரிடம் இருந்தது என்று அழுக்கே சொல்லிவிடும். சர்ச்சிலிருந்து வந்தால் மெழுகு, ஹாஸ்டலிலிருந்து வந்தால் மேகி மசாலா.

தண்ணீர் பட்டால்

கணபதி விழா முடிந்த வாரம், ஏரவாடாவிலிருந்து ஸ்டெல்லா ஒரு கீபோர்டைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வந்தாள். கூடவே அவள் கணவன் ஜெபராஜ். நடு ஆக்டேவ் முழுக்க ரோஸ் நிறம். மூன்று கீகளை அமுக்கினால் மேலே எழும்பவில்லை.

"ஆகுர்டில ஒரு பேஞ்சோ பார்ட்டிக்காரர்ட்ட வாங்குனோம்க்கா. ஒரே தூசியா இருந்துச்சு. ஈரத்துணிய மேல போட்டு ராத்திரி ஊற வச்சேன். காலைல பாத்தா இப்படி ஆயிருச்சு."

பேஞ்சோ பார்ட்டி என்றால் கணபதி ஊர்வல வாத்தியக் குழு. அங்கே வாசித்த கீபோர்டு என்றால், கூட்டத்தில் தூவுகிற ரோஸ் பொடியான குலால் உள்ளே இல்லாமல் இருக்குமா? அது காய்ந்திருக்கும்வரை வெறும் பொடி, பிரஷ்ஷால் தட்டினால் போய்விடும். தண்ணீர் பட்டால் சாயம். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபின் திட்ட மனம் வரவில்லை.

"திங்கக்கெழமை ஸ்கூல்ல டெமோ க்ளாஸ்க்கா. மியூசிக் டீச்சர் வேலை. கீபோர்டு நாமதான் கொண்டு போகணும்னு சொல்லுதாங்க. சின்னப் பிள்ளைங்க முன்னால இத எப்படி வைக்க?"

"தின்னர் போட்டா ஏக்தம் சாஃப் ஆயிரும்னு கடைக்காரன் சொல்லுதான்" என்றார் ஜெபராஜ்.

"சுத்தமாத்தான் ஆகும். கீயே கரஞ்சு போயிரும். நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க" என்றேன்.

சீப்பை மாற்றியது

அடாப்டரைப் பிடுங்கி, பேட்டரியை எடுத்துவிட்டு, கவிழ்த்துப் போட்டு ஸ்க்ரூ கழற்றினேன். நீளம், குட்டை என்று தனித்தனிக் கிண்ணம். நீள ஸ்க்ரூவைக் குட்டை இடத்தில் முறுக்கினால் மேல்மூடியைத் துளைத்துக்கொண்டு வரும். திறந்ததும் உள்ளே ஹோலி. முதலில் உலர்ந்த பெயிண்ட் பிரஷ், பின்னால் வேக்யூம். ஒரு சொட்டு ஈரம் கிடையாது. பொடி எல்லாம் போனபிறகுதான் கீகளைத் தனியே எடுத்து சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் காய வைத்தேன். ரப்பர் காண்டாக்டில் இருக்கும் கறுப்புப் புள்ளிகளை விரலால் தொடக்கூடாது. சர்க்யூட் போர்டு பக்கத்தை மட்டும் ஐபிஏ என்ற ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒற்றி எடுத்தேன்.

ஒட்டிய மூன்று கீயும் எழுந்துகொண்டன. ரோஸ் மட்டும் போகவில்லை. பெராக்சைடு தடவி நாள்கணக்கில் வெயிலில் வைத்தால் வெளுக்கும். ஆனால் வெளியே மழை, கையில் இருப்பதோ சனியும் ஞாயிறும்.

அந்த மாடலில் ஒரு ஆக்டேவ் வெள்ளைக் கீகள் வாழைச்சீப்பு மாதிரி சேர்ந்தே இருக்கும், எல்லா ஆக்டேவும் ஒரே அளவு. நடுவில் இருந்த ரோஸ் சீப்பை இடது கோடிக்கு மாற்றி, அங்கிருந்த வெள்ளையை நடுவில் பொருத்தினேன்.

"இந்தக் கோடிய யாரும் தொடப்போறதில்ல. வெயில் வரட்டும், கொண்டா, கறைய எடுத்துத் தாரேன்" என்றேன். அவள் ஒரு கீர்த்தனை வாசித்துப் பார்த்தாள். சத்தம் சுத்தமாக இருந்தது.

திங்கள் போயிற்று, போன் வரவில்லை. வேலை கிடைக்கவில்லை போலும், அந்த ரோஸ்தான் கெடுத்துவிட்டதோ என்று உறுத்தியது. கேட்க வாய் வரவில்லை.

மார்ச் வெயில்

மார்ச்சில் ஒரு நாள் ஜெபராஜ் மட்டும் வந்தார். "ரெண்டு கீ ஒட்டுதாம்க்கா. டூட்டிக்கு நேரமாச்சு" என்று மேஜையில் வைத்துவிட்டு ஓடிவிட்டார்.

திறந்தேன். நடுவில் லேசான தூசிதான். இடது கோடியில், அந்த ரோஸ் கீகளுக்கு அடியில், பிஸ்கட் தூள், கிரேயான் துணுக்கு, டீச்சர்கள் பிள்ளைகள் கையில் ஒட்டுவார்களே, அந்த வெள்ளி நட்சத்திரம் ஒன்று. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். உடனே போன் போட்டேன்.

"வேலை கெடச்சா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"ஐயோ, இவரு சொல்லலையாக்கா? சேந்ததிலிருந்து மூச்சு விட நேரமில்ல. ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"ஒன் கீபோர்டுதான். வெயில் நல்லா அடிக்குது. அந்த ரோஸ எடுத்துரவா?"

"வேண்டாம்க்கா" என்றாள் பதறிப்போய். "அதுல கை வைக்கத்தான் பிள்ளைங்க வரிசையில நிக்குது. எடுத்துட்டா க்ளாஸ்ல ஒரே அழுகையாப் போயிரும்."

எதை எடுக்க வேண்டும் என்பதை வேலை கற்றுக்கொடுத்திருந்தது. எதை விட வேண்டும் என்பதை அன்றுதான் கற்றேன். பெராக்சைடு பாட்டிலை அலமாரியிலேயே விட்டுவிட்டு, பிஸ்கட் தூளை மட்டும் தட்டி எடுத்தேன். நட்சத்திரத்தை ரோஸ் கீக்குப் பக்கத்தில் மேல்மூடியில் ஒட்டி அனுப்பினேன்.