பச்சைப் பெயின்ட் வைத்த நட்டு

மோட்டார் சைக்கிளை விற்ற கம்பனியையே அதைப் பராமரிக்கவும் நம்பலாமா என்று எங்கள் வீட்டில் பெரிய சண்டை வந்தபோது எனக்கு எட்டு வயது. நான் அம்மா கட்சி. அப்பா கட்சியில் அப்பா மட்டும்தான் இருந்தார். ஆனால் வண்டி அவருடையது.

அப்பா கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் டிஸ்பென்சர். காய்ச்சல், வெட்டுக்காயம், பிரசவச் சிக்கல் என்று தொழிலாளர் குடியிருக்கிற எந்த லயத்திலிருந்து ஆள் வந்தாலும் அவர்தான் ஓட வேண்டும். நடந்து நடந்து கால் வீங்கியபின் ஹட்டனில் ஒரு புது மோட்டார் சைக்கிள் வாங்கினார். அதோடு ஒரு சின்னப் புத்தகமும் வந்தது. இத்தனை மைல் ஓடியதும் வண்டியைக் கடையில் விட வேண்டும். அவர்கள் ஒயில் மாற்றி, பிரேக் பார்த்து, புத்தகத்தில் முத்திரை குத்தித் தருவார்கள். வேறு யாராவது கைவைத்தால் கம்பனி பொறுப்பேற்காது. அந்தப் புத்தகத்தை அப்பா முருகன் படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தியிருந்தார். முருகனைவிட அதன்மேல்தான் அவருக்கு நம்பிக்கை அதிகம் என்பாள் அம்மா.

அம்மாவுக்கு அந்தப் புத்தகத்தில் நம்பிக்கை இல்லை. அவளுடைய அப்பா டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்சின் ஓட்டியவர். அவருக்குச் சோறு கொண்டுபோகிற சாக்கில் அம்மா எஞ்சின் அறையிலேயே பாதி நாளைக் கழித்து வளர்ந்தவள். ஒயிலை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தே அது செத்த ஒயிலா உயிருள்ள ஒயிலா என்று சொல்லிவிடுவாள்.

இரண்டாவது முத்திரை குத்தி மூன்றாம் நாள், மலை உச்சி டிவிஷனிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. வண்டி அப்பாவோடும் மருந்துப் பெட்டியோடும் தேயிலைச் செடிகளுக்குள் பாய்ந்தது. கிழிந்த முழங்கைக்குத் தானே மருந்து போட்டுக்கொண்டு, “மழ ரோடு, வழுக்கிருச்சு” என்றார் அப்பா.

அம்மா முற்றத்தில் குந்தி வண்டியை ஒரு சுற்றுப் பார்த்தாள். “பிரேக்க யாரும் தொடவே இல்லீங்க. துரு அப்புடியே இருக்கு.”

“முத்திர குத்திருக்காங்கல்ல? கம்பனிக்காரனுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரியுமா?”

அவர் தூங்கிக்கொண்டிருந்த மத்தியானத்தில் அம்மா ஸ்பேனரை எடுத்துப் பிரேக்கைத் தானே முறுக்கி வைத்தாள்.

அடுத்த சர்விசுக்கு முதல்நாள், டிஸ்பென்சரிக் கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்டை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் எடுத்து வந்தாள். எஞ்சினுக்கு அடியில் ஒயிலை வடிக்கிற நட்டு இருந்தது. அம்மாவின் கை அங்கே நுழையவில்லை. என் கை நுழைந்தது. நட்டிலும் எஞ்சினிலும் சேர்ந்தாற்போல ஒரு சின்னக் கோடு இழுத்தேன். நட்டைக் கழற்றினால் கோடு உடைந்துவிடும்.

மறுநாள் சாயந்தரம் கழுவித் துடைத்துப் பளபளவென்று வண்டி திரும்பியது. புத்தகத்தில் மூன்றாவது முத்திரை. நான் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். பச்சைக் கோடு நான் இழுத்தபடியே இருந்தது.

அப்பாவுக்குக் கம்பனி மேல் கோபம் வரவில்லை. அம்மா மேல்தான் வந்தது. “ஊரு பூரா என்னய மதிக்குது. நீ களவு பிடிக்கிற வேல பாக்குறியா?”

“அடுத்த தடவ நீங்க செடிக்குள்ள விழ மாட்டீங்க, பள்ளத்துலதான் விழுவீங்க” என்றாள் அம்மா. “சனிக்கெழம கடைக்கு நானும் வாறேன்.”

சனிக்கிழமை என்னைப் பெட்ரோல் தாங்கியின்மேல் உட்காரவைத்து அப்பா வண்டியை எடுத்தார். கூறைப்புடவையைச் செருகிக்கொண்டு அம்மா பின்னால் ஏறினாள். தோட்டத்தில் எந்த ஸ்டாஃப் வீட்டுப் பெண்ணும் அப்படிப் போனதில்லை. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து நின்று பார்த்தார்கள். ஒருத்தி சீட்டியடித்தாள்.

கடை மனேஜர் வெள்ளைக் கால்சட்டை போட்ட, சிரித்த முகக்காரர். அப்பாவிடம் இங்கிலீஷில் நலம் விசாரித்து, எனக்கு ஒரு சோடா வரவழைத்தார். அம்மாவைப் பார்க்கவே இல்லை.

“அந்த ஒயில் நட்ட எங்க முன்னுக்குக் கழட்டுங்க” என்றாள் அம்மா.

“அம்மா, இதெல்லாம் பொம்பளைங்க விஷயமில்ல. திங்கக்கெழம ஐயா மட்டும் வரட்டும், பாப்போம்.”

“விழுந்தா தூக்குறது பொம்பளதானேங்க? இப்பவே கழட்டுங்க.”

மூலையில் ஒரு வயதான மெக்கானிக் நின்றார். சிங்களவர், கைத்தொழில்காரரைக் கூப்பிடுகிற வழக்கப்படி எல்லாரும் பாஸ் என்று கூப்பிட்டார்கள். மனேஜர் அவர் பக்கம் திரும்பி, “எப்பா பாஸ்” என்றார். வேண்டாம் என்று அர்த்தம். அந்த அளவு சிங்களம் எனக்குத் தெரியும். பாஸ் காது கேளாதவர்போல ஸ்பேனரை எடுத்து வந்து, ஒரு தட்டை அடியில் தள்ளி, தரையில் படுத்தார். பச்சைக் கோடு படக்கென்று உடைந்தது. தார் மாதிரி ஒயில் வடிந்தது. அம்மா அதைத் தொட்டுத் தேய்த்தாள். விரலில் இரும்புத் தூள் மினுங்கியது. அந்த விரலை மனேஜர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இதுதான் நீங்க மாத்துன ஒயிலுங்களா?”

மனேஜரின் சிரிப்புப் போய்விட்டது. “வெளியில வேல செஞ்சா கேரண்டி இல்ல. அப்புறம் ஒரு பார்ட்ஸ்கூட எங்ககிட்ட கெடைக்காது” என்றார்.

அப்பா குனிந்து அந்தத் தட்டிலிருந்த ஒயிலைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். “நீங்களே வச்சிக்கங்க. முத்திர குத்தத்தானே தெரியும், குத்திக்கிட்டே இருங்க.”

அப்பா அப்படிப் பேசி அதற்குமுன் நான் கேட்டதில்லை.

புறப்படும்போது அம்மா பாஸைப் பார்த்துக் கைகூப்பினாள். எனக்குத் தாங்க முடியவில்லை. ஒயில் மாற்றாத திருடனுக்கு எதற்குக் கும்பிடு? நான் அவரைப் பார்த்து நாக்கைத் துருத்தினேன். அவர் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே, “எயாலா மட்ட தெல் தென்னே நே, நோனா” என்று அம்மாவிடம் மெல்லச் சொன்னார். அந்த அளவு சிங்களம் எனக்குத் தெரியாது. ‘அவங்க எனக்கு ஒயில் குடுக்கிறதில்லம்மா’ என்று அதற்கு அர்த்தம் என்பது வளர்ந்தபிறகுதான் தெரிந்தது.

அதற்குப்பின் கொட்டகலைக் கடைவீதியில் சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒயில் தருவித்துக் கொடுத்தார். கண்டி வரை ஆளனுப்பிப் பார்ட்சும் எடுத்துத் தந்தார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வண்டியைப் பிரிப்பாள். அப்பா பக்கத்தில் ஸ்பேனர் பிடித்து நிற்பார். இதைப் பார்த்து முதலில் சிரித்த தோட்டத்துப் பெரிய கிளாக்கரும் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அப்பா மறுபடி விழவில்லை.

இரண்டு மாதம் கழித்து நானும் அம்மாவும் பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனோம். அந்தக் கடையைத் தாண்டும்போது எட்டிப் பார்த்தேன். பாஸ் இல்லை. அவர் இடத்தில் வேறொரு ஆள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தான்.

“திருடன வெரட்டிட்டாங்கம்மா!” என்று நான் கைதட்டினேன்.

அம்மா என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துத் தன் மடியில் அழுத்திக்கொண்டாள். பஸ் நிற்கும்வரை விடவில்லை. கைதட்டிய சத்தத்துக்கு எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள், அதற்குத்தான் பிடித்திருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.