மூன்றாவது போட்

சௌமியாவுக்கு அரசாங்க வேலை கிடைத்துவிட்டதாக அவள் அம்மா மல்லிகா பாம்பூஃப்ளாட் முழுக்கத் தண்டோரா போட்டிருந்தாள். உண்மையில் அது பதினோரு மாதக் கான்ட்ராக்ட். பாம்பூஃப்ளாட்டிலிருந்து போட் ஏறித் தீவின் துறைமுகத்தைக் கடந்தால் இந்தப் பக்கம், சாத்தம் ஜெட்டியிலிருந்து நடக்கும் தூரத்தில் ஓர் அலுவலகம். பெயர் வேண்டாம், எல்லா அலுவலகமும் அப்படித்தான் இருக்கும். அங்கே தபால் பிரிவில் கடித எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். இருபத்திரண்டு வயதில் சௌமியாவுக்கு உலகத்தில் தெரியாதது எதுவும் இல்லை.

பக்கத்து மேசையில் ஜெயராணி அக்கா. நாற்பத்தைந்து வயது. வெளியே போகும் கடிதங்களை உறையில் போட்டு ஒட்டிப் பையில் கட்டுவது அவர் வேலை. ஒட்டுவார். பிறகு பிரிப்பார், சரியான கடிதம்தானா என்று பார்ப்பார், மறுபடி ஒட்டுவார். நல்ல நாளிலேயே ஓர் உறைக்கு நாலு தடவை. முதுகுக்குப் பின்னால் அவருக்குக் ‘கோந்து மேடம்’ என்று பெயர். சாயங்காலம் ஜெட்டி வரை போய்விடுவார், பாம்பூஃப்ளாட் போட் கண்ணுக்கே தெரியும், அந்த நேரம் பார்த்து ஏதோ ஓர் உறை ஞாபகம் வரும். திரும்பி ஓடுவார். வாட்ச்மேன் முனகிக்கொண்டே கதவைத் திறப்பார். வருடக்கணக்காக இதுதான் நடக்கிறது.

அலுவலகம் என்றால் சும்மா இருக்குமா? ஹெட் கிளார்க் கோவிந்தராஜ் இதை வைத்து ஒரு பந்தயமே நடத்தினார். மூன்று வருடத்துக்கென்று மெயின்லேண்டிலிருந்து வந்து இருபது வருடமாகத் திரும்பாத மனிதர், அவருக்கும் பொழுது போக வேண்டுமே. கோந்து மேடம் இன்று எத்தனையாவது போட்டில் போவார்? மறுநாள் ஜெட்டி டிக்கெட்காரரிடம் கேட்டுத் தீர்ப்பு. சரியாகச் சொன்னவருக்கு மற்றவர்கள் சமோசா வாங்கித் தர வேண்டும். நாலு, ஐந்து என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். முதல் போட் என்று யாரும் சொன்னதில்லை, சமோசாவை யார் வீணாக்குவார்கள்?

சௌமியா சொன்னாள். “முதல் போட்!”

“பாகல் ஹை க்யா நீ? பைத்தியமா?” என்று கோவிந்தராஜ் விழுந்து விழுந்து சிரித்தார்.

அன்று சாயங்காலம் கடைசி இரண்டு கடிதங்களை ஜெயராணி அக்காவிடமிருந்து அவளே வாங்கி உறையில் போட்டு ஒட்டினாள். ஜெட்டியில் அக்காவின் முகம் மாறத் தொடங்கியதும் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் ஒவ்வொண்ணா பாத்தேன்க்கா. ப்ராமிஸ். டென்ஷன் மத் லோ.” பார்க்கவே இல்லை. போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டேதான் ஒட்டினாள்.

அக்கா அவளை நம்பினார். போட்டில் ஏறி உட்கார்ந்து, ஹாரியட் மலைப்பக்கம் மிச்சமிருந்த வெயிலைப் புதிதாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். இந்தத் தீவில்தான் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறதே. “வெளிச்சம் இருக்கும்போது நான் வீட்டுக்குப் போய் எத்தன வருஷமாச்சு தெரியுமா சௌமி?” என்றார். சௌமியா சமோசாவை நினைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் ஏழு கிடைத்தன. ஏழையும் தின்றாள்.

நாலாம் நாள் சௌல்தாரியிலிருந்து குழந்தைவேலு வந்து இறங்கினார். ரிட்டயர் ஆகி மூன்று வருடமானவர். கையில் ஒரு மெமோ.

“டெய்லி லேட்டா வர்றேனாம், விளக்கம் குடுக்கணுமாம். இப்ப எங்கய்யா வர்றேன் நான்?”

அந்த மெமோ டிரைவர் அன்பழகனுக்குப் போக வேண்டியது. அன்பழகனுக்கோ பென்ஷன் கடிதம் போயிருந்தது, அவன் அதற்காக இரண்டு நாள் லீவு போட்டுக் கொண்டாடியிருந்தான். அலுவலகமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஜெயராணி அக்கா மட்டும் வெளுத்துப்போய் நின்றார். திரும்பிப் போய்ப் பார்க்காத ஒரே நாள், அன்றைக்குத்தான் தப்பு நடந்திருக்கிறது. மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை.

இரண்டு வாரம் ஆனது. போன் போட்டாலும் எடுக்கவில்லை. மேலதிகாரி மெமோ எழுதச் சொன்னார்: பத்து நாளுக்குள் வேலைக்குத் திரும்பாவிட்டால் நடவடிக்கை. டைப் செய்தது சௌமியா. உறையில் போட்டதும் அவள்தான், தபால் மேசை இப்போது அவள் தலையில். ஒட்டினாள். சரியான கடிதத்தைத்தான் போட்டோமா? பிரித்தாள். சரிதான். ஒட்டினாள். மேல்விலாசம்? மறுபடி பிரித்தாள். ஒட்டினாள். மூன்றாவது தடவையும் பிரித்துப் பார்த்து ஒட்டினாள். ‘எனக்கு பயங்கர ஓசிடிப்பா’ என்று காலேஜில் பென்சில் அடுக்கிவைத்துப் பெருமையடித்த பெண்தான் இவள். அந்த உறையைத் தபாலில் விட அவளுக்குத் தைரியம் வரவில்லை. பையில் வைத்துக்கொண்டு போட் ஏறினாள்.

ஜெயராணி அக்காவின் கணவர் ரவிசங்கர் கதவைத் திறந்து, சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார். கேஸ் சிலிண்டர் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார் அக்கா. மூடியிருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான். காலையிலிருந்து.

சௌமியா மெமோவைக் கொடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். பந்தயம், பொய்ச் சத்தியம், ரீல்ஸ். “தப்புப் பண்ணது நான்தான்க்கா. நீங்க இல்ல.” அழுகையில் மூக்கு ஒழுகியது. வெட்கமாக இருந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை.

அக்கா சிலிண்டரிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். பிறகு, “எத்தன சமோசா?” என்றார்.

“ஏழு.”

“எனக்கு ஒண்ணாவது குடுத்திருக்கலாம்ல, பேமானி.”

பிறகு மெமோவைக் கேட்டு வாங்கிப் படித்தார். உறையை மூன்று தடவை பிரித்துப் பார்த்ததாகச் சௌமியா சொன்னதும் தலையை ஆட்டினார். “மூணாவது தடவ உனக்குச் சந்தேகம் போயிருச்சு. எனக்குப் போகாது. அவ்ளோதான்.”

மனநல டாக்டரிடம் முன்னால் ஒரு தடவை போயிருக்கிறார். மாத்திரையும் கேட்டது. ஆனால் இந்த ஊரில் அந்த வரிசையில் நிற்பதும் நோட்டீஸ் போர்டில் பெயர் எழுதிவைப்பதும் ஒன்று. முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டு மெயின்லேண்டுக்கே போய்விடுகிறார்கள் வசதியுள்ளவர்கள். இவர் சிகிச்சையையே விட்டுவிட்டார்.

மறுநாள் அந்த வரிசையில் இருவரும் நின்றார்கள். தெரிந்தவர்கள் மூன்று பேர் பார்த்தார்கள். மூவருக்கும் சௌமியாவே முந்திக்கொண்டு வணக்கம் சொன்னாள், அவர்கள்தான் கூச்சப்பட்டுக்கொண்டு போனார்கள். டாக்டர் அம்மாள் மாத்திரை எழுதிவிட்டுச் சௌமியாவைப் பார்த்தார். “சரியா இருக்கான்னு இவங்க கேட்டா பதில் சொல்லாதீங்க. திரும்பிப் போயிப் பாக்கவும் துணைக்குப் போகாதீங்க. அந்தப் பதற்றம் எறங்குற வரைக்கும் கூட இருங்க, போதும்.”

போதுமாம். சொல்வது எவ்வளவு சுலபம்!

கெடுவுக்கு ஒரு நாள் முன்னதாக, டாக்டர் சீட்டோடு அக்கா வேலைக்கு வந்தார். அன்று எல்லா உறைகளையும் சௌமியா தன் கண்ணாலேயே பார்த்திருந்தாள், இந்த முறை நிஜமாக. சாயங்காலம் ஜெட்டியில் அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். “எல்லாம் சரியா இருந்துச்சா சௌமி?”

நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆமாம் என்று ஒரு வார்த்தை, உண்மையான வார்த்தை. பொய் சொல்ல அன்றைக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. இன்று உண்மையை விழுங்க உயிர் போனது. “சொல்ல மாட்டேன்க்கா.”

முதல் போட் போனது. அக்கா அலுவலகம் இருந்த திசையில் இரண்டடி வைத்தார், நின்றார், வியர்த்துப்போனார், திட்டினார். சௌமியாவையும் அவள் வம்சத்தையும் இந்தியில்கூடத் திட்டினார். இருட்டியது. இரண்டாவது போட்டும் போனது. மணிக்கட்டில் நகம் பதிந்து வலித்தது, சௌமியா கையை எடுக்கவில்லை. மூன்றாவது போட் வந்தபோது பிடி கொஞ்சம் தளர்ந்திருந்தது. அக்கா திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் ஏறினார், ஆனால் ஏறினார்.

மறுநாள் காலை அவர் நேராகக் கோவிந்தராஜ் மேசைக்குப் போனார். 

“சார், நேத்து எத்தனையாவது போட்டுன்னு சொன்னீங்க?”

கோவிந்தராஜ் எழுந்து நின்றுவிட்டார். “அது வந்து... நாலாவதுன்னு... இல்ல மேடம், சும்மா...”

“மூணாவது. திரும்பி வரல. வாட்ச்மேனக் கேட்டுப் பாருங்க.” வாசல் பக்கம் கையைக் காட்டினார். “யாரும் மூணுன்னு சொல்லலேன்னா சமோசா எனக்குத்தான வரணும்?”

கோவிந்தராஜ் பியூனைக் கூப்பிடவில்லை. குடையை எடுத்துக்கொண்டு தானே கடைக்குப் போனார். பொட்டலம் வந்ததும் ஜெயராணி அக்கா அதைப் பிரித்து எண்ணிப் பார்த்தார், மறுபடி எண்ணினார், பிறகு ஒன்றை எடுத்துச் சௌமியாவின் கீபோர்டு மேல் வைத்தார்.